வெற்றுத்தாளை வாசித்த உடும்பு

ஒரு காட்டில், அரசாணைகள் எல்லாம் பி.டி.எஃப் கோப்புகளாக வரத் தொடங்கி மூன்று ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன. அதற்கு முன்னெல்லாம் சிங்கம் கர்ஜிக்கும்; அதுதான் ஆணை. காதில் விழுந்தவர்கள் கீழ்ப்படிவார்கள், விழாதவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். புதிய முறையில் எவரும் தப்ப இயலாது என்று சிங்கத்தின் செயலகம் பெருமையோடு அறிவித்தது. குகையிலிருந்து ஆணை புறப்படும். காட்டின் நடுவே பலா மரத்தடியில் இருந்த மின்சேவை மையத்துக் கணினியில் வந்து சேரும். உரியவர் அங்கே சென்று, உலாவி என்னும் பிரவுசரில் கோப்பைத் திறந்து, அச்செடுத்து, மையத்தின் முத்திரையைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. கோப்பு திறக்காது.

திரையில் கோப்பைச் சுட்டியதும் ஒரு பக்கம் வரத்தான் செய்யும். மேலே கோப்பின் பெயர் இருக்கும். ஓரத்தில் பக்க எண் இருக்கும். நடுவில் பால் ஊற்றிக் கழுவியது போல வெறும் வெள்ளை. முதல் மாதம் சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டாம் மாதம் முணுமுணுப்பவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் மாதம் அதுவே வழக்கமாகிவிட்டது. வெள்ளைப் பக்கத்தை அப்படியே அச்செடுத்து முத்திரை குத்திக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் சரிபார்ப்பு அலுவலர் மையத்துக்கு வருவார். தாளைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்து, "வாசி" என்பார். கொண்டுவந்தவர் அந்த வெற்றுத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தமக்கு என்ன வேண்டுமோ அதை வாசிப்பார். அலுவலர் கையெழுத்திடுவார். ஒரே இடத்துக்கு இருவர் வந்து நின்றால், முதலில் வாசித்தவருக்கே அது சொந்தம்.

இந்த முறையில் காடு மிகச் சிறப்பாக நடந்துகொண்டிருந்தது. செயலகத்துக்கும் மகிழ்ச்சிதான், அனுப்பிய ஆணை எதன்மீதும் ஒரு மேல்முறையீடுகூட வரவில்லை.

அந்தக் காட்டின் தென்கோடியில், கறையான்கள் கைவிட்டுப் போன பதினேழாம் எண் புற்றில் மரகதவல்லி என்னும் உடும்பு வசித்து வந்தாள். காட்டுப் பாடசாலையில் எட்டாம் வகுப்புவரை முதல் மாணவி. வாக்கியத்தில் எழுவாய் எங்கே என்று கேட்காமல் எந்தச் செய்தியையும் நம்பமாட்டாள். ஒன்றைப் பற்றினால் விடமாட்டாள்; அது அவள் குலத்துக்கே உரிய குணம். அவள் புற்றின் அடியில் இருபத்திரண்டு முட்டைகள் புதைந்திருந்தன. பொரிவதற்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. உடும்பின் முட்டையை இடம் மாற்ற முடியாது. புரட்டினாலே உள்ளிருக்கும் உயிர் போய்விடும்.

இந்த நேரம் பார்த்துப் புற்றுகளுக்கும் உரிமை ஆணை வேண்டும் என்று புதிய விதி வந்தது. மரகதவல்லி அன்றே விண்ணப்பித்தாள். அதே புற்றைக் கேட்டு நல்லபாம்பு புஜங்கமும் விண்ணப்பித்திருந்தார். இருவருக்கும் ஆணை வந்துவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செய்தி கிடைத்தது.

மரகதவல்லி மையத்துக்குப் போனபோது வரிசையில் அவளுக்கு முன்னால் முயல் பூரணியும் பின்னால் புஜங்கமும் இருந்தார்கள்.

"என்ன மரகதம், மூட்டை முடிச்செல்லாம் கட்டியாச்சா?" என்றார் புஜங்கம். "புற்றுன்னா அது பாம்புக்குத்தான். ஊர் ஜனம் வந்து பால் ஊத்துறது யாருக்கு? உடும்புக்கா?"

"பால் ஊற்றுகிறவர்கள் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை," என்றாள் மரகதவல்லி. "ஆணை வரட்டும், பேசிக்கொள்ளலாம்."

"வந்தாச்சே! செயலகத்துல நம்ம மலைப்பாம்பு மச்சான்தான் எழுத்தர். முட்டையெல்லாம் அப்படியே விட்டுட்டுப் போயிடு. நான் பாத்துக்கறேன்." இதைச் சொல்லும்போது அவர் நாக்கு இரண்டு முறை வெளியே வந்து போனது.

மையத்தை நடத்தியவன் தணிகாசலம் என்னும் கருங்குரங்கு. பூரணி வழக்கம்போல ஒரு வெள்ளைத்தாளை அச்செடுத்து, முத்திரை பெற்று, ஓரமாகப் போய் அமர்ந்தாள். அடுத்து மரகதவல்லியின் கோப்பைத் தணிகாசலம் சுட்டினான். வெள்ளைப் பக்கம் வந்தது.

"எடுத்துடட்டுமா அக்கா?"

"எதை எடுப்பது? இதில் ஒன்றும் இல்லையே."

"எல்லாருக்கும் அப்படித்தான் வரும். முத்திரைதான் முக்கியம்."

"அலுவலர் வாசிக்கச் சொன்னால் எதை வாசிப்பது, தம்பி?"

"உங்களுக்கு என்ன வேணுமோ அதை."

"எனக்கு வேண்டியது எனக்குத் தெரியும். ஆணையில் இருப்பதுதான் தெரிய வேண்டும்."

தணிகாசலத்துக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் வாய்த்ததில்லை. அவன் பக்கத்தைப் பதினோரு முறை புதுப்பித்தான். கணினியை அணைத்து மறுபடி இயக்கினான். திரையின் நெற்றியில் ஏற்கெனவே பூசியிருந்த விபூதிக்கு மேல் இன்னும் கொஞ்சம் பூசினான். பிறகு அவனுக்குத் தெரிந்த தொழில்நுட்பம் தீர்ந்துவிட்டது.

"சர்வர் பிரச்சினை அக்கா. நம்ம கையில இல்ல."

"நகர்ந்து உட்கார்," என்றாள் மரகதவல்லி.

அவள் அதுவரை கணினியைத் தொட்டதில்லை. ஆனால் திரையின் மூலையில் 'உதவி' என்று எழுதியிருந்ததை அவள் பார்த்தாள். காடு முழுவதும் மூன்று ஆண்டுகளாக அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தும், அந்தச் சொல்லை வாசித்தவர் எவரும் இல்லை. சுட்டினாள். கோப்பு திறக்காவிட்டால் செய்ய வேண்டியவை வரிசையாக வந்தன. அவள் முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்தாள். பிறகுதான் முதலாவதைச் செய்தாள்.

உலாவி சேர்த்து வைத்திருக்கும் பழைய எச்சங்களை நீக்கவும் என்றது முதல் குறிப்பு. மூன்று ஆண்டுக் குப்பை வெளியே வந்தது. முக்கால்வாசி வாழைத்தார்ப் படங்கள். தணிகாசலம் வேறு பக்கம் பார்த்தான். கோப்பு திறக்கவில்லை.

உலாவியின் புதிய பதிப்பை நிறுவவும் என்றது அடுத்தது. ஒரு பச்சைக் கோடு திரையில் ஊர்ந்தது. வரிசையில் இருந்தவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்கள். கோடு முடிந்தது. கோப்பு திறக்கவில்லை.

ஆவணங்களை உலாவியிலேயே திறக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்கவும். பார்த்தாள். இயங்கிக்கொண்டிருந்தது.

"விடு மரகதம்," என்று பின்னாலிருந்து புஜங்கம் சீறினார். பிறகு ஏதோ யோசித்தவராய்க் குரலை மாற்றிக்கொண்டார். "இல்லல்ல, விடாத. நல்லா பாரு. என் ஆணைல எழுத்து தெரிஞ்சா எனக்கும் நல்லதுதானே? சட்டம் போட்டு வாசல்ல மாட்டலாம்."

கடைசிக் குறிப்பு, உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னது. மூன்று இருந்தன. ஒன்று கடிகாரம். ஒன்று அன்றாடப் பழ நிலவரம். மூன்றாவதற்கு 'இலவசத் தேன் கூப்பன்' என்று பெயர்.

"அதை மட்டும் தொடாதீங்க அக்கா!" தணிகாசலம் கையைக் குறுக்கே நீட்டினான். "நான் இங்க வந்த அன்னைக்கு, முதல் வேலையாப் போட்டது. மாசம் ரெண்டு தேனடை ஃப்ரீ."

"இதுவரை எத்தனை வந்தது?"

தணிகாசலம் விரல்களைப் பார்த்தான். "இனிமேத்தான் வரணும்."

"நான் இதை அழிக்கப்போவதில்லை. பிறர் பொருளை அழிக்க எனக்கு உரிமையில்லை. நிறுத்தி மட்டும் வைக்கிறேன்."

அந்தப் பெயருக்கு எதிரே ஒரு சிறிய பொத்தான் இருந்தது. வலப்பக்கம் இருந்ததை அவள் இடப்பக்கம் தள்ளினாள். கோப்பைச் சுட்டினாள்.

திரை நிறைய எழுத்து.

வரிசையில் நின்றவர்கள் ஓசையின்றி முன்னால் வந்தார்கள். மூன்று ஆண்டுகளாகக் காட்டின் ஆட்சியை மறைத்துக்கொண்டிருந்தது, வராத தேனுக்கான ஒரு கூப்பன். மரகதவல்லி வெற்றிக் களிப்பில் ஒரு மூச்சு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு வாசித்தாள்.

'பொருள்: புற்று எண் 17 – உரிமை கோரும் விண்ணப்பம் – நிராகரித்தல் தொடர்பாக. தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. புற்றானது பாம்பினத்தின் மரபுவழி வசிப்பிடம் என்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மனுதாரர் மூன்று நாள்களுக்குள் புற்றைக் காலி செய்ய வேண்டும். உள்ளிருக்கும் பொருள்களை எடுத்துச் செல்லலாகாது.'

அவள் மறுபடியும் வாசித்தாள். ஓர் ஒற்றுப்பிழையாவது இருக்கும் என்று தேடினாள். இல்லை. எழுவாய், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. 'பொருள்கள்' என்னும் சொல்லில் அவளுடைய இருபத்திரண்டு பிள்ளைகளும் பன்மை விகுதியோடு சரியாக அடங்கியிருந்தார்கள்.

"அக்கா," என்றார் புஜங்கம். அதுவரை மரகதம் என்று அழைத்தவர் அவர். "அப்படியே என்னுதையும் திறந்துடுங்க."

அதுவும் திறந்தது. புற்று எண் 17, உள்ளிருக்கும் பொருள்களோடு, புஜங்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் அதை அச்செடுத்து முத்திரை பெற்று, வாலால் சுருட்டிக்கொண்டு, சரிபார்ப்பு வரிசையில் முதலாவதாகப் போய் நின்றார்.

எழுத்து தெரிகிறது என்றதும் முயல் பூரணிக்கும் ஆசை வந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்தவள் ஓடிவந்து, "என்னுதையும் பாருங்கக்கா, வளைக்கு ரெண்டாவது வாசல் கேட்டிருந்தேன்," என்றாள். திறந்தார்கள். இரண்டாவது வாசல் மறுக்கப்பட்டிருந்ததோடு, முதல் வாசலே சட்டவிரோதம் என்றும் எழுதியிருந்தது.

தணிகாசலத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தனக்கு வந்த பணி நியமன ஆணையைத் தேடியெடுத்துச் சுட்டினான். 'மையப் பொறுப்பாளர் பணிக்கான தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம்: விண்ணப்பதாரருக்குக் கணினி இயக்கத் தெரியாது.'



"நல்லா இருந்த கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டீங்களே அக்கா!" என்றாள் பூரணி.

"நான் கெடுக்கவில்லை. சரிசெய்தேன்."

"அதைத்தான் சொல்றேன்!"

தணிகாசலம் அழாக்குறையாகச் சொன்னான்: "அந்தப் பொத்தானைத் திருப்பித் தள்ளிடுங்க அக்கா. வெள்ளையா எடுத்து, உங்களுக்குப் புற்று உண்டுன்னு வாசிச்சுடுங்க. யார் கேக்கப்போறா?"

"ஆணையைக் கண்ணால் பார்த்துவிட்டேன். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?" என்றாள் மரகதவல்லி. குரல் மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தது. "இதையே கொண்டுபோய்க் காட்டி, நாற்பது நாள் அவகாசம் கேட்பேன். நியாயமாகக் கேட்டால் கொடுப்பார்கள்."

தணிகாசலம் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதையும் இருந்தது, இரக்கமும் இருந்தது. நிராகரிப்பு ஆணையை அச்செடுத்துக் கொடுத்தான். அவள் அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு, பாம்புக்குப் பின்னால் போய் நின்றாள்.

மூன்று மணிக்குச் சரிபார்ப்பு அலுவலர் வந்தார். திருமேனி என்னும் காட்டுப்பன்றி. பெயருக்கு ஏற்ற உடல், உடலுக்கு ஏற்ற நாற்காலி. காலை முழுவதும் கிழங்கு அகழ்ந்த மண் இன்னும் மூக்கில் இருந்தது. முத்திரையின் வட்டத்தை மோந்து பார்ப்பதும், தாளின் நாலு மூலையும் மடங்காமல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அவருடைய முறை. மூன்று ஆண்டுகளில் அவரைக் குறை சொன்னவர் எவரும் இல்லை.

"முதல் ஆள் வா."

புஜங்கம் படமெடுத்து நிமிர்ந்து தாளை நீட்டினார். திருமேனி முத்திரையை மோந்தார். தலையசைத்தார். மூலைகளைத் தடவினார். பிறகு அவர் பார்வை தாளின் நடுவில் விழுந்தது. தாளைச் சட்டென்று உதறினார். மறுபடி பார்த்தார். மீண்டும் உதறினார்.

"என்னய்யா இது? உதிர மாட்டேங்குது?"

"எழுத்துங்க, ஐயா."

"எழுத்தா?" திருமேனி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஆணைல எழுத்துக்கு என்னய்யா வேலை?"

"ஆணையே அதுதானுங்களே ஐயா. புற்று எனக்குன்னு எழுதியிருக்கு. நீங்களே வாசிச்சுப் பாருங்க."

"வாசிக்க வேண்டியது நீ. நான் சரிபாக்கறவன்." அலுவலரின் காது விறைத்தது. "மூணு வருஷமா ஆயிரத்துக்கு மேல ஆணை பாத்திருக்கேன். சுத்தமா இருக்கும், பளிச்சுனு இருக்கும். ஒண்ணுலகூட இப்படிக் கறுப்புக் கறுப்பா இருந்ததில்ல. சிங்கத்தோட ஆணை மேலயே கிறுக்கி எடுத்துட்டு வந்து நிக்கற. யார்கிட்டய்யா போலியைக் காட்டற?"

"போலியா! ஐயா, செயலகத்துல என் மச்சான்..."

"அசல் இருந்தா எடுத்துட்டு வா. இல்லேன்னா போலி ஆணை காட்டினதுக்கு உன்மேல வேற எழுத வேண்டியிருக்கும். அஞ்சு மணிக்கு நான் கிளம்பிடுவேன். அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் மரகதவல்லி.

அவள் கையில் எழுத்துள்ள ஆணை இருந்தது. அதை நீட்டினால் அதுவும் போலி. போலி என்றால் நிராகரிப்பும் போலி. ஆனால் நிராகரிப்பு போலி என்பதால் புற்று அவளுக்கு வந்துவிடாது. அவளும் அசல் கொண்டுவரச் சொல்லித் திருப்பப்படுவாள், பாம்பு அவளுக்கு முன்னால் உள்ளே போய் வெள்ளையாக ஒன்று எடுத்துக்கொண்டு வந்து, முதலில் வாசித்துவிடும். இத்தனையையும் அவள் ஒரு நீண்ட தொடர்வாக்கியத்தைப் பிரிப்பதுபோல நிதானமாகப் பிரித்தாள். கடைசியில் மிஞ்சியது ஒரே பயனிலை.

"ஐயா, என் அசல் உள்ளே இருக்கிறது. ஒரு நிமிடத்தில் கொண்டுவருகிறேன்," என்றாள்.

உடும்பு ஓடினால் எவ்வளவு வேகம் என்பதை அன்று பலர் முதன்முறையாகப் பார்த்தார்கள். அவள் தணிகாசலத்தைத் தள்ளிவிட்டு அமர்ந்தாள். தேன் கூப்பனுக்கு எதிரே இருந்த பொத்தானை வலப்பக்கம் தள்ளினாள். 'மீண்டும் நல்வரவு! உங்கள் தேன் விரைவில்!' என்றது திரை. தன் கோப்பைச் சுட்டினாள். வெள்ளை. அச்செடுத்தாள். முத்திரை குத்தினாள். பிறகு, எதையும் எடுத்த நிலையிலேயே திரும்ப வைக்கும் தன் பழக்கப்படி, பொத்தானை மறுபடியும் இடப்பக்கம் தள்ளிவைத்தாள்.

அவள் எழுவதற்கும் புஜங்கம் உள்ளே நெளிந்து வருவதற்கும் சரியாக இருந்தது.

"அக்கா, அக்கா! எனக்கும் வெள்ளையா ஒண்ணு எடுத்துக் குடுங்க. காலைல ஏதேதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

"மனத்தில் ஒன்றும் இல்லை," என்றாள் மரகதவல்லி. "உங்கள் கோப்பைத் திறந்து, திரையில் என்ன வருகிறதோ அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்துத் தருகிறேன்."

சுட்டினாள். கறுப்பெழுத்து பளபளத்தது. அச்சுப்பொறி அதை அப்படியே துப்பியது.

"வெள்ளையா வரலியே அக்கா?"

"உலாவியில் இப்போது எந்தக் குறையும் இல்லை. நீங்களே பாருங்கள், எவ்வளவு தெளிவு."

"குறை இருக்கற மாதிரி செய்ய முடியாதா?"

"உதவிப் பக்கத்தில் அதற்குக் குறிப்பு எதுவும் கொடுக்கவில்லை," என்றாள். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் வெளியே நடந்தாள்.

"தம்பி, நீயாவது..." என்று பாம்பு தணிகாசலத்தின் பக்கம் திரும்பியது. தணிகாசலம் தன் நியமன ஆணையை ஒரு கணம் நினைத்துக்கொண்டான். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க. சந்தேகம் இருந்தா ஆணையைப் பாருங்க," என்றான். கேட்டதற்காக இன்னும் மூன்று படி எடுத்துக் கொடுத்தான். மூன்றிலும் எழுத்து.

வெளியே திருமேனி மரகதவல்லியின் தாளை வாங்கினார். முத்திரையை மோந்தார். மூலைகளைத் தடவினார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளியும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

"இது ஆணை! வாசிம்மா."

மரகதவல்லி தாளை முகத்துக்கு நேரே பிடித்தாள். வாழ்நாளில் அவள் இல்லாத எழுத்தை வாசித்ததில்லை. வெள்ளைப் பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சற்று நீள்வட்டமாக, மங்கலாக, மண்ணுக்கு அடியில் இருபத்திரண்டாகத் தெரிந்தது.

"பொருள்," என்று தொடங்கினாள்.

அதற்குப்பின் மொழி அவளைப் பிடித்துக்கொண்டது. "புற்று எண் பதினேழு – உரிமை வழங்குதல் தொடர்பாக. மரகதவல்லி என்னும் உடும்பின் விண்ணப்பம், உரிய ஆவணங்களோடும் உரிய காலத்திலும் பெறப்பட்டு, ஐயத்துக்கு இடமின்றிப் பரிசீலிக்கப்பட்டது. ஆறாண்டுக் காலம் இடையறாது வசித்து வருபவர் என்ற முறையிலும், அடியில் உள்ள இருபத்திரண்டு முட்டைகளையும் இடம் மாற்ற இயலாது என்ற இயற்கை விதியைக் கருத்தில் கொண்டும், மேற்படி புற்று அவருக்கும், அம்முட்டைகளிலிருந்து வெளிவரவிருக்கும் வாரிசுகளுக்கும் முழு உரிமையோடு வழங்கப்படுகிறது. பால் ஊற்ற வருபவர்களை அன்போடு வரவேற்று, யார் வசிக்கிறார்கள் என்பதை விளக்கிக் கூறும் பொறுப்பும் அவரையே சாரும்."

மூன்று ஆண்டுகளாகத் திருமேனி கேட்டதெல்லாம் 'புல்வெளி எனக்கு', 'மரம் எனக்கு' என்ற அளவிலான ஆணைகள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை வாசிம்மா," என்றார்.

அவள் இன்னொரு முறை வாசித்தாள். சொல்லுக்குச் சொல் அதுவே. அரசாணை கேட்கும்போதெல்லாம் மாறக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

கையெழுத்து விழுந்த பிறகுதான் நான்கு எழுத்துத்தாள்களோடு புஜங்கம் வந்து சேர்ந்தார். ஒரு போலிக்கு நான்கு போலி காட்டியதைத் திருமேனி தம் நீண்ட பணிக்காலத்தில் கண்டதில்லை. பதினேழாம் எண் புற்றுக்கு அரைக் காத தூரத்துக்குள் பாம்பு தலைகாட்டக் கூடாது என்று வாய்மொழியாகவே தடை விதித்தார். அந்தத் தடையை எழுத்தில் தரும்படி பாம்பு கேட்டது. எழுத்துப் பழக்கத்தை இன்னும் விடவில்லையா என்று அலுவலர் அதட்டினார்.

பிறகு வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் மரகதவல்லியே உள்ளே போய், பொத்தானை வலப்பக்கம் தள்ளி, வெள்ளையாக எடுத்துக் கொடுத்தாள். எப்படி வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். பூரணி தன் வளைக்கு மூன்று வாசல் வாசித்தாள். தணிகாசலம் அவசரத்தில், தான் மையப் பொறுப்பாளர் மட்டுமன்றித் தேனடைத் துறைக்கும் தலைவன் என்று வாசித்துவிட்டான். அதற்கும் கையெழுத்து விழுந்தது.

நாற்பது நாள் கழித்து இருபத்தொரு குஞ்சுகள் பொரிந்தன. ஒன்று பொரியவில்லை, அதற்கு எந்த ஆணையும் காரணமில்லை.

அதற்குள் மையத்தின் உலாவிப் பழுதுகளைக் கவனிக்கும் சிறப்பு அலுவலராக மரகதவல்லி பதவியேற்றிருந்தாள். நியமன ஆணை செயலகத்திலிருந்து வந்ததா என்று எவரும் கேட்கவில்லை. அவள் வாசித்த விதம் அப்படி. கோப்பு திறக்கவில்லை என்று யாராவது வந்தால் முதலில் உட்காரச் சொல்வாள். திறந்தால் என்ன இழப்பு, திறக்காவிட்டால் என்ன இழப்பு என்று பொறுமையாகக் கேட்பாள். அதன்பிறகுதான் பொத்தானின் பக்கம் கை போகும். சிலருக்கு எழுத்து வரும். பெரும்பாலோருக்கு வராது.

நீதி: ஒரு பழுதைச் சரிசெய்யப் புகுமுன், அதற்குள் யார் யார் முட்டையிட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்க, உங்களுடையதும் இருக்கக்கூடும்.